விளக்கொளிக்கு ஒரு வில்லை

மனித முகத்துக்கு இரண்டு வெளிச்சங்கள் உண்டு. ஒன்று, அந்த முகம் வாழ்கின்ற வெளிச்சம். மற்றது, படம் பிடிப்பதற்கென்று அதன்மேற் கொட்டப்படும் வெளிச்சம். நம்மூர் வீடுகளில் முதலாவது மிகச் சிறியது. கூரையிற் பதித்த கண்ணாடி ஓட்டின் வழியாக இறங்குவதும், விறாந்தையைக் கடந்து அறைவாசல்வரை வந்து தயங்கி நிற்பதும், சுவாமியறைக் குத்துவிளக்கிலிருந்து சிந்துவதுமே அது. ஆயினும் தாயையும் தந்தையையும் நாம் கண்டு வளர்ந்தது அந்த வெளிச்சத்திலேதான். இரண்டாவது வெளிச்சமோ மின்னல்போல வந்து, கண்ணைக் கூசவைத்து, முகத்தை வெள்ளையடித்த சுவராக்கி, முதுகுக்குப் பின்னே கரிய நிழலொன்றையும் ஒட்டிவிட்டு மறைகின்றது.

இவ்வேறுபாடு வெறும் அழகுணர்ச்சி பற்றியதன்று. முப்பத்தோராம் நாளன்று நம் கைக்கு வருகின்ற கல்வெட்டுகளைப் புரட்டிப் பாருங்கள். எண்பது ஆண்டுகள் வாழ்ந்து, பிள்ளைகளைப் பெற்று வளர்த்து, ஊருக்கு வேண்டியவராய் இருந்த ஒருவருடைய முன்பக்கப் படம், பலவேளைகளில் அடையாள அட்டைக்கென எடுத்த சிறுபடத்தின் உருப்பெருக்கமாக இருக்கின்றது. அதுவும் இல்லையெனில், எவரோ ஒருவருடைய கலியாண வீட்டுக் கூட்டப்படத்திலிருந்து வெட்டி எடுத்த முகம். தோளின்மேல் வேறொருவருடைய கைவிரல்கள் மிச்சமாய்க் கிடக்கும்.

இதற்குக் காரணம் அசட்டை மட்டும் அன்று. 1987ஆம் ஆண்டு மே மாத இறுதியில் வடமராட்சியில் இராணுவ நடவடிக்கை தொடங்கியபோது எமக்கு ஏழு வயது. உடுத்த உடையோடு வீட்டைவிட்டு வெளியேறிய குடும்பங்களுள் எமது குடும்பமும் ஒன்று. உறுதியும் நகையும் எடுத்துக்கொண்ட பெரியவர்களுக்கு, தகரப்பெட்டிக்குள் இருந்த பட அல்பம் நினைவுக்கு வரவில்லை. வந்திருந்தாலும் தூக்கக் கை இருந்திராது. 1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமம் ஒரே இரவில் வெறுமையாகி, மக்கள் செம்மணி வெளியைக் கடந்து தென்மராட்சிக்கும் வடமராட்சிக்கும் வந்தபோது, எத்தனை வீடுகளின் சுவர்ப்படங்கள் ஆணியோடு தங்கிவிட்டன என்பதை யார் கணக்கிடுவர்? இழந்தவை இழந்தவையே. ஆனால் அந்த நாட்களைக் கண்ட முதியவர்கள் சிலர் இன்னும் நம்மிடையே இருக்கின்றார்கள். அவர்களுடைய முகங்களையாவது ஒழுங்காகப் பதிந்து வைத்தல் வேண்டும் என்பதே எமது பாடசாலை நிழற்படக் கழகத்து மாணவர்கள் சென்ற ஆண்டு எடுத்துக்கொண்ட வேலை.

வேலை தொடங்கிய முதல் வாரத்திலேயே தடை தோன்றியது. பாடசாலைக் கமராவோடு கூடவந்த சூம் வில்லை முற்றத்து வெயிலில் நன்றாகத்தான் படம் எடுத்தது. அறைக்குள்ளே போனதும் அது குருடாயிற்று. முதியவர்களோ முற்றத்துக்கு வரமாட்டாதவர்கள்; பலர் கண்ணிற் சத்திரசிகிச்சை செய்தவர்கள்; பிளாஷ் வெளிச்சத்தை வெறுப்பவர்கள். இந்நிலையில், புலம்பெயர்ந்து வாழும் பழைய மாணவர் ஒருவர் விடுமுறைக்கு ஊர் வந்திருந்தார். அவர் தம்மிடமிருந்த வில்லைகள் இரண்டை இரு வாரங்களுக்கு எம்மிடம் தந்து, "சேர், இரண்டையும் பாவிச்சுப் பாருங்கோ. எது நல்லதெண்டு சொன்னால், அதிலை ஒண்டு வாங்கக் காசு நான் தாறன்" என்றார். இரண்டும் 50 மில்லிமீற்றர் குவியத்தூரம் உடையவை. ஒன்றின் பெருந்துவாரம் எஃப் 1.8, மற்றதன் பெருந்துவாரம் எஃப் 1.4. பின்னதன் விலை முன்னதைப்போல மூன்று மடங்கு என்றும் அவர் சொன்னார். பட்டப்படிப்பிற் பௌதிகம் கற்று, இருபது ஆண்டுகளாய் அதையே கற்பித்துவரும் எமக்கு இது இனிய பணியாயிற்று.

எஃப் என்ற எழுத்தைக் கண்டு வாசகர்கள் மலைக்கவேண்டியதில்லை. வில்லையின் குவியத்தூரத்தை அதன் துவாரத்தின் விட்டத்தால் வகுத்தால் வருவதே இந்த எண். ஆகவே எண் சிறிதானால் துவாரம் பெரிது. 50 மில்லிமீற்றர் வில்லையில் எஃப் 1.4 என்பது ஏறத்தாழ 36 மில்லிமீற்றர் அகலமான வாசல்; எஃப் 1.8 என்பது 28 மில்லிமீற்றர். எமது சூம் வில்லை அதே தூரத்தில் தரக்கூடிய எஃப் 5.6 என்பது 9 மில்லிமீற்றர் மட்டுமே. உள்ளே புகும் ஒளி வாசலின் பரப்பைப் பொறுத்தது. ஆதலால் எஃப் 1.8 வில்லை சூம் வில்லையைவிட ஒன்பது மடங்குக்கு மேல் ஒளியை விடுகின்றது. எஃப் 1.4 வில்லை எஃப் 1.8 வில்லையைவிட விடுவதோ ஒன்றரை மடங்குக்குச் சற்று அதிகம். இந்த இரண்டு கணக்குகளையும் நினைவில் வைத்துக்கொண்டால், பின்னே நாம் சொல்லப்போகும் தீர்ப்பு பாதி விளங்கிவிடும்.

கழகத்து மாணவன் ஒருவன் விடவில்லை. "சேர், என்ரை போனிலையும் 1.8 எண்டுதானே போட்டிருக்கு?" என்றான். நல்ல கேள்வி. கைத்தொலைபேசி வில்லையின் குவியத்தூரம் ஆறேழு மில்லிமீற்றர் அளவே. அதை 1.8ஆல் வகுத்தால் வாசலின் அகலம் நான்கு மில்லிமீற்றரையும் எட்டாது. எண் ஒன்றே, வாசல் வேறு. தேங்காய்ச் சிரட்டையும் கிடாரமும் விளிம்புவரை நிரம்பியிருக்கின்றன என்பதனால் இரண்டிலும் உள்ள தண்ணீர் சமமாகிவிடுமா?

பெருந்துவார வில்லைக்கான வேட்கை நிழற்படக் கலையோடு உடன்பிறந்தது. 1839இல் தாகேரின் முறை உலகுக்கு அறிவிக்கப்பட்டபோது, படம் விழுவதற்கு நிமிடக்கணக்கில் அசையாதிருக்கவேண்டும். உயிருள்ள முகத்துக்கு அது தண்டனை. மறு ஆண்டில் வியன்னாவிற் கணிதப் பேராசிரியராயிருந்த யோசேப் பெற்ஸ்வால், கணக்கிட்டே ஒரு முகப்பட வில்லையை ஆக்கினார். அதன் துவாரம் எஃப் 3.6 அளவினது. நிமிடங்கள் செக்கன்களாகச் சுருங்கத் தொடங்கின.

அத்தகைய பெரிய துவாரத்தின் மென்மையைக் குறையென்று கொள்ளாமல் அணியென்று கொண்டவர் ஜூலியா மார்கரெற் கமரன் என்னும் ஆங்கிலப் பெண்மணி. நாற்பத்தெட்டு வயதிலே, 1863இல், முதன்முதலாகக் கமராவைக் கையில் எடுத்தவர் அவர். கண் தெளிவாகவும் காது மங்கலாகவும் விழுந்த அவருடைய முகப்படங்களைக் குவியம் தெரியாதவர் எடுத்தவை என்று அக்காலத்து விற்பன்னர் சிலர் இகழ்ந்தனர். இன்றோ அரும்பொருட்காட்சிச் சாலைகள் அவற்றைப் போற்றி வைத்திருக்கின்றன. அவர் 1875இல் இலங்கைக்கு வந்து மலைநாட்டுத் தோட்டமொன்றில் வாழ்ந்து, 1879 சனவரியில் இங்கேயே காலமாகி, பொகவந்தலாவைத் தேவாலய வளவில் துயில்கின்றார் என்பதை நம்மவருள் அறிந்தோர் சிலரே.

ஜெர்மனியில் 1920களின் நடுவில் எஃப் 2, எஃப் 1.8 என்னும் துவாரங்களோடு எர்மனொக்ஸ் என்னும் சிறுகமரா வந்தது. சட்டத்தரணியாய்ப் பயின்ற எறிக் சாலமன் அதைத் தூக்கிக்கொண்டு 1928 முதல் நீதிமன்றங்களுக்குள்ளும் அரசியல் மாநாடுகளுக்குள்ளும் நுழைந்தார். வெடிமருந்து வெளிச்சம் இல்லாமலே, அறை விளக்கின் ஒளியில், அமைச்சர்கள் கொட்டாவி விடுவதையும் காதோடு காது பேசுவதையும் பதிந்தார். யூதராகப் பிறந்த குற்றத்துக்காக 1944இல் அவுஷ்விற்ஸ் முகாமிற் கொல்லப்பட்டார். அவரை எண்ணும்போது, முகங்களைப் பதிந்து வைப்பவனுடைய முகமும் காலத்தின் கையில்தான் இருக்கின்றது என்ற எண்ணம் எழாமற் போவதில்லை.

ஐம்பது மில்லிமீற்றர் என்ற அளவு 1925இல் லைப்சிக் சந்தையில் அறிமுகமான லைக்கா கமராவோடு நிலைபெற்றது. அதன் துவாரம் எஃப் 3.5. 1932இல் பேர்ற்றெலே என்னும் வில்லை அறிஞர் செய்த எஃப் 1.5 சொன்னார், சிறுகமராவுக்கு இரவின் கதவைத் திறந்துவிட்டது. அக்காலத்தில் பெருந்துவார வில்லைகளுக்கு இன்னொரு சங்கடமும் இருந்தது. பூச்சில்லாத கண்ணாடியின் ஒவ்வொரு மேற்பரப்பும் படும் ஒளியில் ஏறத்தாழ நூற்றுக்கு நான்கு பங்கைத் திருப்பியடிக்கும். பத்து மேற்பரப்புகள் இருந்தால் மூன்றில் ஒரு பங்கு ஒளி வழியிலே தொலையும்; தொலைவது மட்டுமன்றி உள்ளுக்குள் அலைந்து படத்தையும் வெளிறச்செய்யும். 1935இல் சைஸ் நிறுவனத்தின் ஸ்மக்குலா கண்ட மென்பூச்சு அதற்கு மருந்தாயிற்று. இன்று வில்லையைச் சாய்த்துப் பார்க்கும்போது மயிற்கழுத்துப்போல மின்னுகின்றதே, அது அந்தப் பூச்சின் வழிவந்ததே.

இனி, எமது பரிசோதனைக்கு வருவோம்.

முதற் சோதனையைப் பௌதிக ஆய்வுகூடத்தில் நடத்தினோம். ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையின் விரித்த பக்கத்தைச் சுவரில் மடிப்பின்றி ஒட்டி, கமராவை முக்காலியில் ஏற்றி, கை படாதபடி பத்துச் செக்கன் தாமதம் வைத்து, துவாரத்தை ஒவ்வொரு படியாகச் சுருக்கிப் படமெடுத்தோம். எஃப் 1.4 வில்லை முழுத்துவாரத்தில், கண்ணாடியில் மூச்சு விட்டாற்போல எழுத்துகளின்மேல் மெல்லிய புகார் படர்ந்திருந்தது. அது கோளப் பிறழ்ச்சியின் வேலை. அதே வில்லையை எஃப் 1.8க்குச் சுருக்கியதும் புகார் பெரும்பாலும் அகன்றது. மலிவான வில்லை தன் முழுத்துவாரமான எஃப் 1.8இல், நடுவிலுள்ள எழுத்துகளைத் தெளிவாகவும் மூலைகளிலுள்ளவற்றைச் சற்று மங்கலாகவும் இருளாகவும் காட்டிற்று. எஃப் 2.8க்கு வந்தபோது இரண்டிலும் எடுத்த படங்களைப் பெயர் மறைத்து மாணவர்களிடம் கொடுத்தோம். எது எதுவென்று சொல்ல எவராலும் இயலவில்லை. எஃப் 5.6இல் மூலையிலிருந்த சிறு விளம்பரங்களையும் வாசிக்க முடிந்தது. வெள்ளிச் செம்பொன்றை யன்னலருகே வைத்தபோது, பெருந்துவாரத்தில் இரண்டுமே அதன் விளிம்பில் ஊதா நிறக் கோடொன்றை வரைந்தன. துவாரத்தைச் சுருக்க அதுவும் மறைந்தது.

இரண்டாஞ் சோதனைக்கு நாள் தானாகவே வாய்த்தது. அது கார்த்திகை விளக்கீடு. மழை சற்றே விட்டிருந்த மாலையில், ஒழுங்கை நெடுகிலும் படலைதோறும் வாழைக்குற்றி நாட்டிச் சிட்டிகள் ஏற்றியிருந்தார்கள். இருளும் சுடரும் அருகருகே இருப்பதுபோல வில்லைக்குக் கடினமான தேர்வு வேறில்லை. முழுத்துவாரத்தில் இரண்டு வில்லைகளும் நடுவிலுள்ள சுடரைச் சுடராகவே காட்டின. ஓரத்திலிருந்த சுடர்களோ சிறகு முளைத்த ஈசல்கள்போல விரிந்தன. குவியத்துக்கு அப்பாலிருந்த சுடர்கள் மெல்லிய ஒளிவட்டங்களாயின. பிள்ளைகளுக்கு அந்த வட்டங்களில் ஆசை மிகுதி. பின்னணியை மங்கவைப்பதே பெருந்துவார வில்லையின் பெருமை என்று அவர்கள் எண்ணத் தொடங்கியபோது, நாம் ஒன்று சொன்னோம். முதியவர் ஒருவருக்குப் பின்னாலுள்ள சுவரும், அச்சுவரில் தொங்கும் நாட்காட்டியும், உறியும், உரலும் அவருடைய வாழ்க்கையின் பகுதிகளே. அவற்றை முழுதும் கரைத்துவிட்டால் எஞ்சுவது முகம் மட்டும், வீடு இராது.

மூன்றாஞ் சோதனையே முதன்மையானது. அது எமது தாயாரின் தமக்கையாரின் அறையில் நடந்தது. எண்பத்தெட்டு வயது, யன்னலோரத்துக் கட்டிலும் சாய்வுநாற்காலியுமே அவருடைய உலகம். 1990இல் வடக்குக்கான மின்சாரம் துண்டிக்கப்பட்டு ஆண்டுக்கணக்காக விளக்கிலே வாழ்ந்த பழக்கத்தால், மின்குமிழ் இருக்கவும் மாலையில் அரிக்கன் லாம்பைக் கொளுத்திப் பக்கத்தில் வைத்துக்கொள்பவர்.

கமராவைக் கண்டதும் "உந்த மின்னல் அடிக்கிறதெண்டால் எனக்கு வேண்டாம் மோனை" என்றார்.

"மின்னல் இல்லைப் பெரியம்மா. நீங்கள் இருக்கிற மாதிரியே இருங்கோ."

"லாம்பு வெளிச்சத்திலை என்னத்தைத் தெரியப்போகுது?"

சூம் வில்லை அந்த ஒளியில், உணர்திறன் 1600இல், செக்கனின் ஆறில் ஒரு பங்கு நேரத்தைக் கேட்டது. அத்தனை நேரத்தில் முதியவருடைய தலையும் அசையும், எடுப்பவருடைய கையும் அசையும். படத்தில் விழுவது முகத்தின் ஆவிதான். எஃப் 1.8 வில்லையோ அறுபதில் ஒரு பங்கு நேரத்தோடு நிறைவுற்றது. கதவு நிலையில் தோளைச் சாய்த்துக்கொண்டு எடுத்தால் கை அசைவு தெரிவதில்லை. எஃப் 1.4 வில்லை நூறில் ஒரு பங்கு நேரத்தில் எடுத்தது. ஆனால் அங்கேதான் அதன் கட்டணம் வெளிப்பட்டது. எமது கமராவில், ஒன்றரை மீற்றர் தூரத்திலுள்ள முகத்தில் தெளிவாய் விழும் ஆழம் எஃப் 1.4இல் ஏறத்தாழ 5 சென்ரிமீற்றர், எஃப் 1.8இல் 6 முதல் 7 வரை, எஃப் 2.8இல் 10. மூக்கு நுனியிலிருந்து காதுவரையுள்ள தூரமும் பத்துச் சென்ரிமீற்றருக்குக் குறையாது. பேசும்போது முன்னே குனிந்து பின்னே சாய்கின்ற ஒருவரை ஐந்து சென்ரிமீற்றருக்குள் பிடிப்பது, ஓடும் மீனைக் கையாற் பிடிப்பதை ஒக்கும். எஃப் 1.4இல் எடுத்த பன்னிரண்டு படங்களில் கண்ணிமை தெளிவாய் விழுந்தவை நான்கு, எஃப் 1.8இல் ஒன்பது.

அந்த ஒன்பதில் ஒன்றைக் கமராவின் பின்புறத் திரையிற் காட்டினோம். மஞ்சள் ஒளி ஒருபக்கக் கன்னத்தில் விழுந்து, மறுபக்கம் மெல்ல இருளிற் கரைந்திருந்தது. நெற்றித் திருநீறும், காதிலே தோடில்லாத துளையும், கண்ணுக்குள் லாம்பின் சிறு சுடரும் தெரிந்தன. அவர் நீண்டநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பின்பு, "இது நானில்லை மோனை, எங்கடை அம்மா" என்றார். அவருடைய தாயாரின் ஒரே படமும் 1987இல் அந்தத் தகரப்பெட்டியோடு போனது. அந்த முகம் எப்படி இருந்தது என்பதை அவருடைய பேரப்பிள்ளைகள் அன்றுதான் ஒருவாறு கண்டார்கள்.

வில்லையின் குறைகளையும் சொல்லாமல் விடுதல் நேர்மையன்று. ஐம்பது மில்லிமீற்றர் வில்லையைப் பொதுநிலை வில்லை என்பது, 36 மில்லிமீற்றர் அகலமும் 24 மில்லிமீற்றர் உயரமும் உள்ள பழைய பிலிம் சட்டத்துக்கே பொருந்தும். அச்சட்டத்தின் மூலைவிட்டம் 43 மில்லிமீற்றர். குவியத்தூரம் அதை அண்மித்திருப்பதாற் காட்சி இயல்பாய்த் தோன்றும். எமது பாடசாலைக் கமராவைப்போன்ற சிறிய உணரியுடைய கமராவில் அது 75 மில்லிமீற்றர் வில்லைபோல நடந்துகொள்கின்றது. ஒருவருடைய முகத்துக்கு அது மிகவும் உகந்தது. எட்டுப்பேர் கொண்ட குடும்பத்தைச் சிறிய அறைக்குள் நிறுத்தி எடுக்கமுயன்றால், எடுப்பவர் சுவரைத் துளைத்துக்கொண்டு அடுத்த வளவுக்குப் போகவேண்டிவரும். சூம் வசதி இல்லாமையால் காலாலே கிட்டவும் எட்டவும் நடக்கவேண்டும். ஆனால் இதிலும் ஒரு நன்மை உண்டு. நடந்து கிட்டப்போகிறவன் பேசவும் வேண்டியிருக்கின்றது. பேசிய பின் எடுத்த முகம் வேறாகத்தான் இருக்கின்றது.

மற்றொரு பகை நமது கடற்காற்றும் மாரிக்கால ஈரமும். வில்லையின் உள்ளே பூஞ்சணம் பிடித்தால் சிலந்திவலைபோலப் படர்ந்து பூச்சை அரித்துவிடும். காற்றிறுக்கமான பிளாஸ்ரிக் பெட்டியொன்றில் சிலிக்கா ஜெல் பொதிகளோடு வைப்பதும், கிழமைக்கொருமுறையாவது வெளியே எடுத்து ஒளி படவிடுவதும், தோற்பையில் நாட்கணக்காய்ப் பூட்டிவைக்காதிருப்பதும் போதிய காப்பு. வில்லையின் முகத்தைச் சால்வைத் தலைப்பால் துடைக்கும் வழக்கத்தையும் கைவிடுதல் நன்று.

எமது தீர்ப்பு இதுதான். எஃப் 1.4 வில்லை உயர்ந்த ஆக்கம் என்பதில் ஐயமில்லை. உலோக உடலும் மென்மையாய்ச் சுழலும் குவிய வளையமும் கையிலெடுத்தாலே தெரியும். சம்பளத்துக்குப் படமெடுப்பவர் அதை வாங்கலாம். ஸ்ரான்லி கூப்ரிக் என்னும் திரைப்பட இயக்குநர் மெழுகுதிரி ஒளியிற் காட்சிகளை எடுப்பதற்காக, சைஸ் நிறுவனம் நாசாவுக்கெனச் செய்த எஃப் 0.7 வில்லையைத் தமது கமராவிற் பொருத்தி 1975இல் வெளிவந்த 'பாரி லிண்டன்' படத்திற் பயன்படுத்தினார். தேவை அவ்வளவானால் வில்லையும் அவ்வளவாகலாம். எமது தேவை ஓர் அறை, ஒரு லாம்பு, ஒரு முதியவர். அதற்கு எஃப் 1.8 போதும். சூம் வில்லையிலிருந்து எஃப் 1.8க்கு வருவது ஒன்பது மடங்கு ஒளி பெறுவது. அங்கிருந்து எஃப் 1.4க்குப் போவது ஒன்றரை மடங்கு ஒளிக்கு மூன்று மடங்கு விலை கொடுப்பது. பழைய மாணவரும் இதற்கு உடன்பட்டார். மிஞ்சிய பணத்தைப் படங்களைக் கடதாசியில் அச்சிடுவதற்கே செலவிடுவதென்று கழகம் முடிவுசெய்தது. தொலைபேசியிலுள்ள படம் தொலைபேசியோடு போகும். கடதாசிப் படத்தை நான்கு வீடுகளிற் பகிர்ந்து வைத்தால், ஒரு வீடு போனாலும் மூன்று எஞ்சும். இப்பாடத்தைக் கற்க நாம் கொடுத்த விலை பெரிது.

கமரா இல்லாதவர்களும் வாளாவிருக்கவேண்டியதில்லை. கைத்தொலைபேசியின் பிளாஷை நிறுத்துங்கள். பெரியவரை யன்னலுக்குப் பக்கவாட்டாக அமர்த்துங்கள். முழங்கைகளை மேசையில் ஊன்றிக்கொள்ளுங்கள். அவர் எதையாவது சொல்லிக்கொண்டிருக்கையில் எடுங்கள். "சிரியுங்கோ" என்று கேட்காதீர்கள்.

தை பிறப்பதற்குள் எமது மாணவர்கள் கரவெட்டியிலும் நெல்லியடியிலுமாக இருபத்திரண்டு வீடுகளுக்குச் சென்று வந்தார்கள். அந்த இருபத்திரண்டு பேருள் மூவர் இப்போது இல்லை. மூவருடைய கல்வெட்டுகளிலும் முன்பக்கத்தில் இருப்பது பிள்ளைகள் எடுத்த படமே. அவற்றில் எந்தத் தோளிலும் வேறொருவருடைய கை இல்லை.